சொல்லாமல் விட்ட ப்ளஸ்

போன வியாழக்கிழமை காலை. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். செல்போன் அடித்தது. ஜெயந்தி — என் மனைவி. புனே லோஹேகாவில் விமானப்படைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கால் மணி நேரத்துக்கு முன்புதான் காரை எடுத்துக்கொண்டு போனவள்.

“வண்டி நின்னுடுச்சுங்க. விஷ்ராந்த்வாடி சௌக் சிக்னல் தாண்டி ஓரமா நிக்கறேன். செல்ஃப் அடிச்சா சுத்துது, பிடிக்க மாட்டேங்குது.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஏழு வருடமாகக் காத்திருந்த சந்தோஷம். கடைசியில் கூப்பிட்டுவிட்டாள் பார்...

அன்று எனக்கு லீவு. லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் துள்ளி எழுந்தேன். பேன்ட் எங்கே? ஸ்க்ரூ டிரைவர் எங்கே? தீப்பெட்டி எங்கே? (தீப்பெட்டி எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.) எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் கட்கி பஜார் முனைக்கு ஓடினேன். லோஹேகாவ் பக்கம் வர மாட்டேன் என்று இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆளைக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது மறுபடி போன்.

“கிளம்பிடுச்சு. நீங்க வர வேண்டாம்.”

எப்படிக் கிளம்பியது, யார் வந்தார்கள், என்ன செய்தாய் என்று அடுக்கினேன். மணி அடித்துவிடுவார்கள், சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

நடுத்தெருவில் நான். ஒரு கையில் பை, இன்னொரு கையில் தீப்பெட்டி. பக்கத்தில் பீடியோடு நின்றிருந்த ஒருவர் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சரி, அதற்காவது ஆயிற்று என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. நின்ற வண்டி இருபது நிமிடத்தில் எப்படிக் கிளம்பும்?

இந்தக் கேள்வி ஏன் என்னை இப்படி அரித்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

எங்கள் பச்சை வண்டியைப் பற்றி, பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் அவ்வப்போது எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு — அறுபதுகளில் செய்த இரண்டு கதவு கார். செய்த கம்பெனியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று சொல்வது வழக்கம். இந்தக் கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ காலமாகிவிட்டது, இருந்தாலும் வேண்டாம். மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து வாங்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘கிளாசிக்’ என்கிறார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் ‘டப்பா’ என்றார்கள்.

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். அந்தப் பொறியை எப்போது விடுவது என்று பழைய வண்டிகளில் முடிவு செய்பவை பொட்டளவு உலோகத் துண்டுகள் இரண்டு. பாயின்ட் என்பார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தொட்டுத் தொட்டு விலகும். விலகும்போதெல்லாம் கொஞ்சம் தீய்ந்துபோகும். தீய்ந்துபோனால் பொறி சோம்பும், வண்டி இருமும், சிக்னலில் நின்றுவிடும். மழைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புனே மழை அடித்து ஊற்றாது. நசநசவென்று நாள் முழுக்கத் தூறும். பாயின்டுக்கு ஆகவே ஆகாத மழை அது.

அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. நான் வேலை பார்ப்பது ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். நாள் முழுவதும் கேஜ் வைத்து அளப்பதுதான் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை காலை குளிப்பதற்கு முன் பானெட்டைத் திறப்பேன். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைக் கிழித்து, பாயின்டுக்கு நடுவில் விட்டு மெதுவாகத் தேய்ப்பேன். பிறகு இடைவெளி. பதினைந்து தவு. ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தவு, எங்கள் பட்டறை பாஷையில். ஒரு தவு கூடினாலும் குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

குவார்ட்டர்ஸ்காரர்கள் பால்கனியிலிருந்து பார்ப்பார்கள். சிலர் இறங்கி வந்தே பார்ப்பார்கள். நான் நிமிராமல் விளக்கிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் விடமாட்டேன். “இந்த வண்டியில ஒரு விசேஷம் தெரியுமா? எல்லா வண்டியிலயும் பேட்டரியோட மைனஸ்தான் பாடியில மாட்டியிருக்கும். இதுல ப்ளஸ். இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சான்...” என்று ஆரம்பித்தால் அவர்கள் காபி ஆறிவிடும். நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். யாராவது காதில் வாங்கினார்களா? வாங்கவில்லை. ஜெயந்தியும்தான்.

அந்த வருடம் ஜூனில் ஜெயந்திக்கு வேலை கிடைத்தது.

பையன் பிறந்தபோது வேலையை விட்டவள். பதினொரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல். வேலை கிடைத்த அன்று நேராகப் போய் அலமாரியிலிருந்த காட்டன் புடவைகளை எல்லாம் எடுத்துக் கஞ்சி போட்டாள். ஆறு மாதம் தற்காலிகம். அதன்பிறகு நிரந்தரம். ஒரே நிபந்தனை — பிரின்சிபால் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஏழரை மணி என்றால் ஏழரை. மூன்று தடவை தாமதமானால் முதல் ஆறு மாதம் முடிந்ததும் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இன்னும் ஆறு மாதம் தற்காலிகம்.

கட்கியிலிருந்து லோஹேகாவுக்கு அந்த வேளையில் நேர் பஸ் கிடையாது. ஸ்கூட்டர் ஒத்துவராது, முன்பு ஒருமுறை விழுந்து முட்டி பெயர்ந்திருந்தது. ஆக, பச்சை வண்டி.

திங்கள், செவ்வாய் ஒழுங்காக ஓடும். புதன் இருமும். வியாழன் வெள்ளியில் கண்டிப்பாக என் தயவு வேண்டும். எனக்கோ ஆறே முக்காலுக்கு ஷிப்ட். நான் சைக்கிளில் போன பிறகு வண்டி மக்கர் செய்தால்? செய்தது. ஜூலை முதல் வாரத்துக்குள் இரண்டு தாமதம். இரண்டாவது நாள் சாயங்காலம் ஜெயந்தி என்னிடம் சண்டை போடவில்லை. இதற்கு நிரந்தரமாக ஒரு வழி பண்ண முடியாதா என்று மட்டும் கேட்டாள்.

வண்டிக்குக் கை பழக வேண்டும், எல்லார் கைக்கும் வராது என்று சொன்னேன். எவ்வளவு பெருந்தன்மையான பதில், பாருங்கள்.

அவள் அடுத்த நாளே ஷிண்டேயிடம் போனாள். ஷிண்டே கட்கி பஜாரில் ஆட்டோ எலக்ட்ரிசியன். ஸ்கூட்டர், ரிக்‌ஷா, டெம்போ எல்லாவற்றின் வயரிங்கும் அவருக்கு அத்துப்படி. புது ஸ்கூட்டர்களில் எல்லாம் பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் வந்துவிட்டதே, எங்கள் வண்டிக்கு வராதா என்று கேட்டிருக்கிறாள். ஏன் வராது, வஹினி என்றாராம் அவர். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. போசரியில் ஒரு ஷெட்டில் பழைய ஜீப்புகளுக்காக ஒருவர் செய்கிறாராம். பாயின்ட் இருக்கும் இடத்தில் உட்காருகிற மாதிரி ஒரு சின்னத் தகடு, அதன் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா, இரண்டு வயர். விலை ஒரு ஜோடி நல்ல செருப்பை விடக் குறைவு. தேய வேண்டிய பாகமே கிடையாது. அளக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், வருடக்கணக்கில் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மூடியைத் திறக்கவே வேண்டாமா? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என்ன செய்வதாம்?

இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. வெட்கங்கெட்டவனுக்கும் ஒரு எல்லை உண்டு அல்லவா. விலை மலிவாக இருக்கிறதே, சரிப்பட்டு வருமா என்று இழுத்தேன். பார்க்கலாமே என்றாள். தாராளமாகப் பார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஷிண்டே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் தலையைவிட்டார். பக்கத்தில் குடையும் கையுமாக ஜெயந்தி. நான் முதல் மாடி பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். படிக்கவில்லை. ஒரே தலைப்பை நாலு தடவை பார்த்தேன்.

எனக்கு ஒன்று தெரியும். இந்த மாதிரி எலக்ட்ரானிக் டப்பா எல்லாம் மைனஸ் பாடியில் இருக்கும் வண்டிக்குச் செய்தது. நம் வண்டி தலைகீழ். அப்படியே பூட்டினால் சாவியைத் திருப்பிய நிமிடமே டப்பா கருகிவிடும். ஷிண்டே நல்ல வேலைக்காரர்தான். ஆனால் பேட்டரி ஒரு மூடி போட்ட பெட்டிக்குள் இருந்தது. இரண்டு கேபிளுக்கும் ஒரே கறுப்பு டேப்பை நானே அழகாகச் சுற்றி வைத்திருந்தேன். திறந்து பார்த்தாலொழியத் தெரியாது. அவர் வேலை செய்ததோ டிஸ்ட்ரிபியூட்டரில். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய வழக்கத்தை அவர் எதற்காகச் சந்தேகப்பட வேண்டும்?

இருந்தாலும் ஷிண்டே கேட்டார். தொழில் தெரிந்தவர், கேட்காமல் இருப்பாரா? தலையை வெளியே எடுத்து மேலே பார்த்து, வயரிங்கில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா சாஹேப் என்று மராத்தியில் கேட்டார்.

“நாஹி. எல்லாம் கம்பெனி ஃபிட்டிங்” என்றேன்.

பொய்யா? இல்லை. ப்ளஸ்ஸைப் பாடியில் வைத்தது கம்பெனிதான். நான் எதையும் மாற்றவில்லை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நூறு பேரிடம், கேட்காதவர்களிடமெல்லாம் சொன்ன விஷயம். கேட்ட ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கெட்டேன்.

ஜெயந்தி சாவியைத் திருப்பினாள். இரண்டு விநாடி இருக்கும். அப்பளத்தோடு பிளாஸ்டிக் கவரையும் சேர்த்துப் பொரித்த மாதிரி ஒரு வாடை. மெல்லிசாகப் புகை. அவ்வளவுதான்.

ஷிண்டே பதறி வயரைப் பிடுங்கினார். டப்பாவை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. என் தப்பு வஹினி, ஏதோ மாற்றிக் கொடுத்துவிட்டேன், வேறு ஒன்று நானே கொண்டுவந்து போட்டுத் தருகிறேன் என்றார். செய்யாத தப்புக்கு அவர் தலைகுனிந்து நின்றார். நான் பால்கனியில் நின்று, பாவம், மலிவு சாமான் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

சாயங்காலம் நானே பழைய பாயின்டை எடுத்துப் பூட்டினேன். தீப்பெட்டி, பதினைந்து தவு, எல்லாம் முறைப்படி. சீட்டிகூட அடித்ததாக ஞாபகம். நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை என்று ஜெயந்தியிடம் சொன்னேன். அவள் மறுநாளைக்கு வேண்டிய நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி முழுக்கத் தூறியது. திங்கட்கிழமை காலை வண்டி விஷ்ராந்த்வாடியில் நின்றுவிட்டது.

மூன்றாவது தாமதம். இருபது நிமிடம். நனைந்த புடவையோடு ஒரு டெம்போவில் ஏறிப் போயிருக்கிறாள். பிரின்சிபால் கோபப்படவில்லையாம். வருத்தத்தோடுதான் சொன்னாராம் — விதி விதிதான், டிசம்பரில் நிரந்தரம் இல்லை, ஜூனில் பார்க்கலாம்.

சாயங்காலம் அதைச் சொல்லிவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். முதல் சப்பாத்தியைக் கல்லில் போட்டாள். இரண்டாவதை உருட்டும்போது கை நின்றது.

“நம்ம வண்டியில ப்ளஸ்தானே பாடியில?”

நான் கல்லில் கிடந்த சப்பாத்தியைப் பார்த்தேன்.

“வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்வீங்களே. அவங்க காபி ஆறிப்போற வரைக்கும் சொல்வீங்க.”

“ஆமா.”

“அப்படின்னா அந்த டப்பாவுக்கு அது ஆகாதில்ல?”

“ஆகாது.”

“நேத்து ஏன் சொல்லல?”

“மறந்துட்டேன்” என்றேன் உடனே.

என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கல்லில் கருக ஆரம்பித்திருந்த சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மனுஷியின் ஆறு மாதத்தைத் தின்றுவிட்டு, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவள் சுட்ட சப்பாத்தியையும் மூன்று தின்றேன்.

அடுத்த ஞாயிறு ஷிண்டே புது டப்பாவோடு வந்தார். ஜெயந்தி முதலில் அவரிடம் போய், உங்கள் தப்பு இல்லை, எங்கள் வண்டி உல்டா, ப்ளஸ்தான் பாடியில், எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்று சொன்னாள். யாருக்கும் என்று சொன்னாள். இவருக்கு என்று சொல்லவில்லை. ஷிண்டே நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். ஒரு வாரமாகத் தன் கைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

பிறகு மேலே வந்து கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னும் வேற ஏதாவது மறந்திருக்கீங்களா? இருந்தா இப்பவே சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

சொன்னேன். பேட்டரியின் இரண்டு கேபிளையும் இடம் மாற்ற வேண்டும். பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் வயர்களை மாற்ற வேண்டும். ஆம்பியர் மீட்டரிலும் அப்படியே. முக்கியமாக டைனமோ — அது பழைய பழக்கத்திலேயே இருக்கும், பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து அதன் சின்ன முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால்தான் புதுப் பழக்கத்துக்கு வரும். ரேடியோ இருந்தால் கழற்றிவிட வேண்டும், எங்களிடம் இல்லை. பொடி எழுத்தில் படம் போட்டு எழுதிக்கொண்டாள். புரியாத இடத்தில் நிறுத்தி ஏன் என்று கேட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் வண்டியைப் பற்றிப் பேசி அவள் கவனித்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். தண்டனை மாதிரியும் இருந்தது, கௌரவம் மாதிரியும் இருந்தது.

நோட்டைப் பார்த்து அவள் படிக்கப் படிக்க ஷிண்டே செய்தார். சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே பிடித்தது. இருமல் இல்லை, தும்மல் இல்லை. பழைய பாயின்டை என்ன செய்தாள் என்று பிறகு தேடினேன். காணோம். மறுநாள் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலா வந்து போனார். சரி, போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அதன் பிறகு ஏழு வருடம். எத்தனை மழைக்காலம்! வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. ஜெயந்தி ஜூனில் நிரந்தரமானாள். இப்போது கணக்குப் பிரிவுக்கே தலைவி. தாமதமாக வரும் டீச்சர்களின் பட்டியல் இவள் கைக்குத்தான் வருகிறது.

எனக்கு? ஞாயிற்றுக்கிழமை காலைகள் காலியாகிவிட்டன. பானெட்டைத் திறந்து பார்ப்பேன். துடைப்பேன். மூடுவேன். குவார்ட்டர்ஸ்காரர்கள் இறங்கி வருவதை நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாதவன் என்ன செய்வான்? எழுத ஆரம்பித்தான். ஆமாம்... நீங்கள் வாராவாரம் படிக்கும் இந்தப் பத்தி அந்தக் காலி ஞாயிறுகளில் பிறந்ததுதான். உங்களுக்கு இது பிடிக்கவில்லை என்றால் கடிதத்தை எனக்கு எழுதாதீர்கள், போசரி ஷெட்டுக்கு எழுதுங்கள்.

பத்தி ஒரு வருடம் ஓடியதும் ஆசிரியர் எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். பெயர், பத்தியின் பெயர், ஓரத்தில் ஒரு பேனா படம். நல்ல கனமான அட்டை. என் எழுத்தில் இல்லாத கனம். பழக்கதோஷம், தொழிற்சாலைக்கு எடுத்துப் போய் அளந்தேன். சரியாகப் பதினைந்து தவு! அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கார்டைக் கொடுக்கும்போதெல்லாம், இதைப் பாயின்ட் நடுவில் வைத்தால் இடைவெளி கச்சிதமாக இருக்கும், தெரியுமா என்று சொல்வேன். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் வந்து வண்டியோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடமும் சொல்வேன். வண்டியில் பாயின்டே கிடையாது. எனக்குத்தான் அந்தப் பேச்சு நிற்கவில்லை. வியாழக்கிழமை தீப்பெட்டியோடு ஓடியதும் அந்தப் பழக்கத்தில்தான். அவர்கள் தலையாட்டிக்கொண்டே கம்பெனி வண்டி வந்துவிட்டதா என்று தெருவைப் பார்ப்பார்கள். ஜெயந்தி காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போவாள்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பச்சை வண்டி காம்பவுண்டுக்குள் நுழைந்தது. சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பழைய சத்தம். கொஞ்சம் கரகரத்த, ஜலதோஷம் பிடித்தவன் தொண்டையைச் செருமுகிற சத்தம். ஏழு வருடமாகக் கேட்காதது.

மேலே வந்தாள். கைப்பையிலிருந்து அலுமினிய டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பையன் சின்ன வகுப்பில் சாப்பாடு கொண்டுபோன டப்பா. அதில் இப்போது எலக்ட்ரானிக் தகடு இருந்தது. செத்துப்போயிருந்தது. மலிவு சாமான் ஏழு வருடம் உழைத்ததே பெரிது.

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதுக்குள்ளதான் பழைய பாயின்ட் இருந்துச்சு” என்றாள். “டிக்கியில போட்டு வெச்சிருந்தேன். எண்ணெய்த் துணி சுத்தி, ஸ்க்ரூ டிரைவரோட.”

பங்கார்காரருக்குப் போடவில்லையா என்று கேட்டேன். ஏன் போட வேண்டும், மலிவுச் சாமானை நம்பிக் கைச்சாமானை யாராவது தூக்கி எறிவார்களா என்றாள். கழற்றி மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம். ஷிண்டே செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதானே. எஞ்சின் சரியான இடத்துக்கு வருவதற்காக டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்ததாம். அந்த வழியாக வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகொடுத்தாராம்.

எல்லாம் சரி. இடைவெளி? அதை எப்படி வைத்தாள்? கண்ணால் பார்த்து வைக்கிற விஷயமா அது? இன்ஸ்பெக்டர் மூளை அங்கே போய் நின்றுகொண்டது.

ஜெயந்தி கைப்பையைத் திறந்தாள். ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். என் பெயர். பத்தியின் பெயர். ஓரத்தில் பேனா. ஒரு மூலையில் கறுப்பாகக் கிரீஸ்.

“பதினஞ்சு தவு. நீங்கதானே சொல்வீங்க... வர்றவங்ககிட்ட எல்லாம்.”

கேட்டிருக்கிறாள். காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகிறவள் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. ஏழு வருடமாக வராத தைரியம்.

“ஜெயந்தி... அன்னிக்கு நான் மறக்கல. தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்.”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“அன்னிக்கே. நிஜமா மறந்தவங்க, அடடான்னு தலையில கை வைப்பாங்க. நீங்க, நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள மறந்துட்டேன்னு சொன்னீங்க.”

அவ்வளவு நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்று கேட்டேன். திட்டணும்னுதான் இருந்தது என்றாள். முதல் ஆறு மாதம் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டே மனசுக்குள் திட்டிக்கொண்டு போனாளாம். விஷ்ராந்த்வாடி தாண்டும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக. பிறகு வேலை நிரந்தரமானதும் திட்டுவதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றாள்.

ஷிண்டேயிடம் சொல்லிப் புது எலக்ட்ரானிக் தகடு வாங்கி வைக்கட்டுமா என்று நானே கேட்டேன். வாங்குங்க, ஞாயிற்றுக்கிழமை நீங்களே மாட்டிடுங்க என்றாள். பழைய பாயின்ட் மறுபடி டிக்கிக்குப் போக வேண்டும், எண்ணெய்த் துணி மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள்.

ஷிண்டேயிடம் உண்மையைச் சொல்லவும் வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, சாஹேப், அந்த ஒரு வாரம் நான் எந்த வண்டியிலும் ப்ளஸ் எது மைனஸ் எது என்று இரண்டு தடவை பார்த்துத்தான் கைவைத்தேன், இன்றுவரை அந்தப் பழக்கம் போகவில்லை என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் கொடுத்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலமே, கிரீஸ் பட்ட கார்டை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போனேன். ஜெயந்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். துடைத்து, அலுமினிய டப்பாவுக்குள் போட்டு மூடினாள். இது வண்டியிலேயே இருக்கட்டும் என்றாள்.

ஏழு வருடம் கழித்து அந்த வண்டியில் எனக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்திருக்கிறது, பதினைந்து தவு கேஜாக — இந்தத் தடவை நிரந்தரம்.